ஒரே ஊர்க்காரர்களுக்கு இரண்டு புத்தகங்கள்

கோயிலுக்குள் பட்டாளத்துக்கு என்ன வேலை என்ற கேள்வி இங்கிலாந்துக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு உண்டு. இந்த நாட்டில் பெரிய கதீட்ரல் எதற்குள் போனாலும், ஏதாவது ஒரு மூலையில் உள்ளூர் ரெஜிமெண்ட் ஒன்றின் பெயரில் சிற்றாலயம் ஒன்று இருக்கும். சின்னப் பலிபீடம், கண்ணாடிப் பெட்டிக்குள் செத்தவர்கள் பெயர் எழுதிய புத்தகம், தலைக்கு மேலே கம்பத்தில் சாயம்போன பட்டுக்கொடிகள். எதிரியை நேசி என்று சொன்னவர் சிலுவையில் இருப்பார். எந்தெந்த ஊரில் எதிரியை அடித்தோம் என்று நூலால் தைத்து வைத்த கொடியும் அவருக்குப் பக்கத்திலேயே தொங்கும். இந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் இது உறுத்துவதாகத் தெரியவில்லை. எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போதும் முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் கேள்வி வேறு பக்கமாகத் திரும்பிவிட்டது. திருப்பியவர் என் மாமனார்.

நியூகாசிலில் குடியிருப்பதால் எனக்குப் பக்கத்தில் இருக்கிற கதீட்ரல் டர்ஹம். ரயிலில் கால் மணி நேரம்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது என்பதும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1093-ல் கட்ட ஆரம்பித்து நாற்பதே ஆண்டில் பெரும்பகுதியை முடித்த கட்டடம். ஆற்று வளைவுக்குள் பாறைமேல் உட்கார்ந்திருக்கும். வழக்கமாகப் பார்க்கிற வரிசையும் உண்டு: வடக்கு வாசலில் வெண்கலக் கதவுத் தட்டி, பெண்கள் இதற்கு மேல் வரக்கூடாது என்று துறவிகள் காலத்தில் தரையில் பதித்த கறுப்புக் கோடு, கிழக்கே புனித கத்பர்ட் சமாதி, மேற்கே துறவி பீடின் சமாதி. அப்புறம் வெளியே வந்து ஒரு காப்பி. தெற்குக் கைப்பகுதிக்கு, அதாவது சிலுவை வடிவக் கட்டடத்தின் வலது கைக்கு, நான் யாரையும் அதிகம் கூட்டிப்போனதில்லை. அங்கேதான் டர்ஹம் லைட் இன்ஃபண்ட்ரி என்ற காலாட்படைப் பிரிவின் நினைவுச் சிற்றாலயம். இங்கே எல்லோரும் டி.எல்.ஐ. என்றுதான் சொல்வார்கள்.

மாமனார் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சமாதிகளை மரியாதையாகப் பார்த்துவிட்டு, கால் போன போக்கில் தெற்குப் பக்கம் திரும்பிவிட்டார். நானும் பின்னால் போனேன். கொடிகளை அண்ணாந்து பார்த்தார். "சாமி கும்பிடற எடத்துல எதுக்கு மாப்ள பட்டாளத்துக் கொடி?" என்று கேட்டார். அடடா, நம் கட்சிக்கு ஆள் கிடைத்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். இந்தப் படைப்பிரிவு எங்கெல்லாம் சண்டை போட்டது என்று தெரிந்ததைச் சொன்னேன். பட்டியலில் கோஹிமா வந்ததும் நிறுத்தினார். "கோஹிமா நம்ம நாகாலாந்துதானே? இங்க இருக்கறவன் அங்க எதுக்குப் போனான்?" 1944 ஏப்ரலில் ஜப்பானியர்கள் கோஹிமாவை வளைத்த பிறகு டி.எல்.ஐ.யின் இரண்டாவது பட்டாலியன் காரிசன் குன்றில் நின்று போராடியதைச் சொன்னேன். அந்த மலைச்சரிவில் இன்றைக்கு 1,420 கல்லறைகள் இருக்கின்றன. எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தனியாக ஒரு நினைவுச்சின்னமும் அங்கேயே உண்டு. "ம்" என்றார். கொடிப் பேச்சு அதோடு முடிந்தது. சுற்றிப் பார்த்துக்கொண்டே மெதுவாக வெளியே நடந்தார்.

சிற்றாலயத்தை விட்டு நடுக்கூடத்தின் தெற்குத் தாழ்வாரத்துக்கு வந்து சில அடி போனால் இன்னொரு நினைவுச்சின்னம். கறுத்த மரத்தில் செதுக்கிய, சற்று ஆடம்பரமான வேலைப்பாடு. பக்கத்தில் ஒரு விளக்கு. எத்தனையோ முறை நான் தாண்டிப் போன இடம். அவர் தாண்டவில்லை. விளக்கைப் பார்த்தவுடன் நின்றுவிட்டார். "சேஃப்டி லாம்ப் மாப்ள" என்றார், தெரிந்தவரைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி. அது டர்ஹம் சுரங்கத் தொழிலாளர்களின் நினைவுச்சின்னம். அதற்கும் ஒரு புத்தகம் உண்டு. சுரங்கத்தில் செத்தவர்களின் பெயர்கள். இங்கே புத்தகத்தைப் பார்த்தார். திரும்பி, நாங்கள் வந்த பக்கம் பார்த்தார். "அதுலயும் இந்த ஊரு ஆளுங்க பேருதான். இதுலயும் இந்த ஊரு ஆளுங்க பேருதான். அப்பறம் எதுக்கு ரெண்டு?"

என்னிடம் பதில் இல்லை. "அது போர், இது வேலை" என்று ஏதோ சொல்லி வைத்தேன். "அவங்களுக்கு ரெண்டும் வேலதானே" என்றார். அவர் ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சனிக்கிழமை கிடைத்தால் டர்ஹம் போவது, இந்தப் படைப்பிரிவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிப்பது என்று ஆகிவிட்டது.

மண்மேட்டில் நட்ட சிலுவை

டி.எல்.ஐ. சிற்றாலயத்தில் என்னை அதிக நேரம் பிடித்து வைப்பது கொடியோ பலிபீடமோ இல்லை. ஒரு மரச்சிலுவை. ஆளுயரத்துக்கு மேல் இருக்கும். வெளியே மழையில் நின்ற மரத்துக்கு வருமே, அந்த நரம்போடிய, வெளிறிய தோற்றம். மற்றதெல்லாம் கதீட்ரலுக்காகச் செய்த பொருள்கள். அளவெடுத்து, வரைந்து, ஒப்புதல் வாங்கிச் செய்தவை. இது மட்டும் வேறெங்கோ நிற்பதற்காகச் செய்தது.

பிரான்சில் ஆல்பெர்ட்டிலிருந்து பாபோம் போகிற சாலையோரம் வார்லென்கூர் என்று ஒரு ஊர். அங்கே பழங்காலப் புதைமேடு ஒன்று. சுமார் இருபது மீட்டர் உயரம். 1916-ல், முதல் உலகப் போரின் சோம் சண்டையின் கடைசி மாதங்களில் அந்த மேடுதான் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தது. பீரங்கிக் குண்டு விழுந்து விழுந்து புல் பூண்டெல்லாம் போய், சுண்ணாம்பு மண் வெளுப்பாகத் தெரிந்ததாம். ஜெர்மானியர்கள் அதற்குள் சுரங்கப்பாதைகள் தோண்டி வைத்திருந்தார்கள். நவம்பர் 5 அன்று, பல நாள் மழைக்குப் பிறகு, 151-வது பிரிகேட் அந்த மேட்டைப் பிடிக்கப் போனது. டி.எல்.ஐ.யின் 6, 8, 9-வது பட்டாலியன்கள். ஆறாவது பிஷப் ஆக்லாந்து பக்கத்துப் பையன்கள், எட்டாவது டர்ஹம், செஸ்டர்-லி-ஸ்ட்ரீட், ஒன்பதாவது கேட்ஸ்ஹெட். மூன்றும் டெரிட்டோரியல் பட்டாலியன்கள். அதாவது சமாதான காலத்தில் வாரம் முழுக்க வேலைக்குப் போய், ஓய்வு நேரத்தில் கவாத்து பழகியவர்கள். இந்த மாவட்டத்தில் வேலை என்றால் பெரும்பாலும் நிலக்கரி. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் டர்ஹம் நிலக்கரிப் பகுதியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சுரங்க வேலையில் இருந்தார்கள்.

சேறு எவ்வளவு ஆழம் என்றால், தாக்குதல் தொடங்கும்போதே அகழியிலிருந்து ஒருவரை ஒருவர் கைகொடுத்து இழுத்து ஏற்ற வேண்டியிருந்தது. மற்ற இரண்டு பட்டாலியன்கள் பெரிதாக முன்னேற முடியவில்லை. ஒன்பதாவது மட்டும் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வரை போய்விட்டது. இரவுக்குள் எதிர்த்தாக்குதலில் எல்லாம் போயிற்று. மறுநாள் பார்த்தால் புறப்பட்ட இடத்திலேயே நின்றார்கள். செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஆயிரம் பேர். ஒரே நாளில், ஒரே மாவட்டம். அடுத்த பிப்ரவரியில் ஜெர்மானியர்கள் பின்னால் தயாராக வைத்திருந்த வலுவான கோட்டுக்குத் தாங்களாகவே விலகிப் போனார்கள். மேடு சும்மா கிடைத்தது.

ஒன்பதாவது பட்டாலியனுக்குத் தலைமை தாங்கியவர் ரோலண்ட் பிராட்ஃபோர்ட். அந்த மாவட்டத்துப் பிள்ளை. அப்பா சுரங்க மேலாளராக இருந்தவர். அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்த வேறொரு சண்டைக்காகப் பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். அடுத்த ஆண்டு இருபத்தைந்து வயதில் பிரிகேடியர் ஜெனரல் ஆகி, பதவியேற்ற சில வாரங்களிலேயே கம்ப்ரே அருகே செத்துப்போனார். அண்ணன் ஜார்ஜுக்கும் விக்டோரியா கிராஸ் உண்டு, அதுவும் இறந்த பிறகு. நான்கு சகோதரர்களில் உயிரோடு வீடு திரும்பியவர் ஒருவர்தான். இவ்வளவு பேர்போன வீரர் அந்த மேட்டைப் பற்றி என்ன எழுதி வைத்தார் என்பதுதான் விஷயம். அந்தத் தாக்குதல் சரியானதில்லை என்று எழுதினார். மேடு கையில் வந்திருந்தாலும் பெரிய லாபம் இருந்திருக்காது. அதைப் பிடித்து வைத்துக் காப்பதும் சிரமமாக இருந்திருக்கும். எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் அது எல்லோருக்கும் ஒரு பித்தாகிப்போனது என்றுதான் அவர் காரணம் சொல்கிறார். ஆயிரம் பேரைக் கொடுத்ததற்கு, அவர்களில் ஒரு பங்கை நடத்திப்போனவர் கொடுக்கிற கணக்கு இது.

அந்த மேட்டில் செத்தவர்களுக்காகப் படையின் தச்சர்களே செய்து நட்ட சிலுவைகளில் ஒன்றுதான் டர்ஹமில் நிற்கிறது. போர் முடிந்து சில ஆண்டுகள் பிரான்சில் வெயிலிலும் மழையிலும் நின்றுவிட்டு 1920-களில் ஊருக்கு வந்தது. ஆறாவது பட்டாலியனின் சிலுவை பிஷப் ஆக்லாந்தில் ஒரு தேவாலயத்துக்கும், எட்டாவதின் சிலுவை செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டுக்கும் போயின. அவரவர் சிலுவை அவரவர் ஊருக்கு. 2016-ல், சண்டை நடந்து நூறு ஆண்டு ஆனபோது, மூன்றையும் டர்ஹம் கதீட்ரலில் ஒன்றாக நிறுத்தி வைத்தார்கள்.

இந்தச் சிலுவையைப் பார்க்கும்போது 'கோயிலுக்குள் பட்டாளத்துக்கு என்ன வேலை' என்ற என் கேள்விக்குக் கொஞ்சம் பலம் குறைகிறது. இதைச் செய்தவர்களுக்கு வெற்றி எதுவும் கையில் இல்லை. மேடு சண்டையில் பிடிபடவில்லை. போர் முடியுமா என்றே தெரியாது. அடுத்த வாரம் தங்கள் பெயரும் இதில் வரலாம் என்பது மட்டும் தெரியும். சேற்றுக்கு நடுவே உட்கார்ந்து, கிடைத்த மரத்தை இழைத்து, எழுத்துகளைக் கோணாமல் போட்டிருக்கிறார்கள். செத்தவனை நேற்று வரை தெரிந்தவர்கள் செய்தது. கதீட்ரல் அதை வாங்கி உள்ளே வைத்ததில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. தலைக்கு மேலே தொங்குகிற கொடிகளோடுதான் சண்டை.

விளக்குக்குப் பக்கத்தில்

இனி மாமனாரின் கேள்வி. ரெஜிமெண்டின் சிற்றாலயம் 1920-களிலேயே வந்துவிட்டது; போர் முடிந்த சூட்டோடு. சுரங்கத் தொழிலாளர் நினைவுச்சின்னம் வந்தது 1947-ல். அந்த ஆண்டு ஜனவரி 1 அன்றுதான் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமை ஆயின. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்ததை வெறும் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. சுரங்கம் முதலாளி கையில் இருந்தவரை, அதில் செத்தவன் அந்த முதலாளியின் இழப்பீட்டுக் கணக்கில் ஒரு வரி. சுரங்கம் நாட்டுடையது ஆனதும் செத்தவனும் நாட்டுக்காகச் செத்தவன் ஆகிவிட்டான். இது என் ஊகம். யாரும் இப்படிச் சொல்லிப் படித்ததில்லை.

செத்தவர்கள் குறைவா என்றால் இல்லை. 1909 பிப்ரவரி 16 அன்று வெஸ்ட் ஸ்டான்லியில் ஒரே வெடிப்பில் 168 பேர். 1880-ல் சீஹமில் நூற்றறுபதுக்கும் மேல். 1812-ல் ஃபெல்லிங்கில் 92 பேர் செத்த பிறகுதான், சுரங்க வாயுவைப் பற்றவைக்காத பாதுகாப்பு விளக்கு வேண்டும் என்ற தேடலே வேகம் பிடித்தது. ஹம்ஃப்ரி டேவி செய்த விளக்கை 1816-ல் சோதித்துப் பார்த்தது இதே மாவட்டத்தில், ஹெபர்ன் சுரங்கத்தில். 1951-ல் ஈசிங்டனில் 83 பேர். அதில் இருவர் மீட்கப் போனவர்கள். இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. கூரை இடிந்து ஒருவர், வண்டி மோதி ஒருவர் என்று தனித்தனியாகச் செத்தவர்களுக்குச் செய்தியும் இல்லை, கூட்டமும் இல்லை. வீட்டுக்கு ஆள் வந்து சொன்னதோடு சரி.

நினைவுச்சின்னத்தில் எழுதியிருப்பது ஒரு வேண்டுதல். இந்த மாவட்டத்துச் சுரங்கங்களில் உயிரைக் கொடுத்தவர்களையும், இன்றும் அங்கே இருட்டிலும் ஆபத்திலும் வேலை செய்கிறவர்களையும் கடவுள் முன் நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. இந்த 'இன்றும்' என்னைப் பிடித்துக்கொண்டது. போர் நினைவுச்சின்னம் எதிலும் இது இருக்காது. அங்கே எல்லாம் முடிந்துபோன காலம். தேதி போட்டு அடைத்துவிடுவார்கள். இது முடியாத சங்கதி என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். எழுதி நான்கே ஆண்டில் ஈசிங்டன் வந்தது. கூடவே பைபிளின் யோபு புத்தகத்திலிருந்து ஒரு வசனம்: மனிதர் குடியிருக்கும் இடத்தை விட்டு எங்கோ ஆழத்தில் குழி வெட்டுகிறவர்களை, மேலே நடந்துபோகிற கால்கள் மறந்துவிட்டன என்ற பொருளில். சுரங்கத்துக்கென்றே எழுதி வைத்த மாதிரி.

மாமனார் அந்த வசனத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "எங்களுக்குப் பரவால்ல மாப்ள. நெய்வேலி ஓப்பன் கட்டு. மேல வானம் தெரியும்."

அவர் சொன்ன "ரெண்டும் வேலதானே" என்பதை வரலாறு இன்னொரு விதத்திலும் உறுதிசெய்கிறது. டி.எல்.ஐ.யின் 19-வது பட்டாலியன் 'பேண்டம்' பட்டாலியன். உயரம் போதாது என்று முதலில் பட்டாளம் திருப்பி அனுப்பிய குள்ளமானவர்களை வைத்துத் திரட்டியது. அதில் ஜோசப் ஸ்டோன்ஸ் என்று ஒரு லான்ஸ் சார்ஜெண்ட், க்ரூக் ஊர்ச் சுரங்கத் தொழிலாளி. 1916 நவம்பரில் ஓர் இரவு, ஜெர்மானியர்கள் அகழிக்குள் புகுந்து அவரோடு வந்த அதிகாரியைச் சுட்டுவிட்டார்கள். ஸ்டோன்ஸ் தன் துப்பாக்கியை அகழியின் குறுக்கே முட்டுக்கொடுத்து வழியை அடைத்துவிட்டு, எச்சரிக்கை சொல்ல ஓடினார். துரத்தி வருகிறவர்களைத் தாமதப்படுத்தச் செய்தது என்றார். இடுக்கான பாதையில் முட்டுக்கொடுப்பது சுரங்கக்காரன் கைக்குத் தானாக வருகிற காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டாள நீதிமன்றம் அதை ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடியதாக எடுத்துக்கொண்டது. 1917 ஜனவரி 18 அன்று அதே பட்டாலியனைச் சேர்ந்த மெக்டொனால்ட், காகின்ஸ் என்ற இருவரோடு அவரையும் சுட்டுக்கொன்றார்கள். சொந்த ஊர் நினைவுச்சின்னத்தில் அவர் பெயர் பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் ஏறியது. அவரைப் போல் சுடப்பட்ட 306 பேருக்கும் பிரிட்டிஷ் அரசு 2006-ல்தான் மன்னிப்பு வழங்கியது. சுரங்கத்துக்குள் செத்திருந்தால் ஒரு புத்தகம், மேட்டில் செத்திருந்தால் இன்னொரு புத்தகம். ஸ்டோன்ஸ் போன்றவர்களுக்கு நெடுங்காலம் இரண்டுமே இல்லை.

எரிக்காமல் விட்ட கடிகாரம்

அதே தெற்குக் கைப்பகுதியில், சிற்றாலயத்துக்கு எதிரே என்று சொல்லுகிற தூரத்தில், பிரயர் காசல் கடிகாரம் நிற்கிறது. பெரிய மரக் கடிகாரம். ஐந்நூறு ஆண்டு வயது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பது அதைத்தான். 1650 செப்டம்பரில் டன்பார் சண்டையில் இங்கிலாந்துப் படைத்தலைவர் கிராம்வெல்லிடம் தோற்ற ஸ்காட்லாந்துப் போர்வீரர்களை நடக்கவைத்தே கொண்டுவந்து, சுமார் 3,000 பேரை இந்தக் கதீட்ரலுக்குள் பூட்டினார்கள். குளிரும் பசியும் வயிற்றுப்போக்குமாக, ஏறத்தாழ 1,700 பேர் செத்தார்கள். உள்ளே இருந்த மரச்சாமான்களையெல்லாம் எரித்துக் குளிர்காய்ந்தவர்கள் இந்தக் கடிகாரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள் என்பது இங்கே சொல்லப்படுகிற கதை. அதன்மேல் ஸ்காட்லாந்தின் சின்னமான முட்பூ செதுக்கியிருப்பதால் விட்டார்களாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கைதிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஹேசல்ரிக், மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில், தினமும் நிலக்கரி கொடுத்து நன்றாகத்தான் கவனித்தோம் என்கிறார். டர்ஹமில் நிலக்கரிக்கா பஞ்சம்? கரி கிடைத்தவர்கள் மரத்தை ஏன் எரித்தார்கள் என்று மட்டும் கடிதம் சொல்லவில்லை.

அவர்களை எங்கே புதைத்தார்கள் என்றே முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் உறுதியாகத் தெரியவில்லை. 2013-ல் கதீட்ரலுக்குப் பக்கத்தில் நூலகக் கட்டட வேலைக்குத் தோண்டும்போது எலும்புகள் கிடைத்தன. ஆராய்ந்து, அவர்கள்தான் என்று உறுதிசெய்து, 2018 மே மாதம் மறுபடி அடக்கம் செய்தார்கள். கதீட்ரலுக்குள்ளேயே செத்தவர்கள் இந்த மூன்று கூட்டத்தாரில் இவர்கள் மட்டும்தான். புத்தகத்தில் எழுதப் பெயர்கூட இல்லாதவர்களும் இவர்கள்தான். ஓர் ஐம்பதடிக்குள் இத்தனை விதமாகச் செத்தவர்கள். அதில் ஒரு கூட்டத்துக்குத்தான் சொந்தமாக ஒரு பலிபீடம்.

கொடிகளின் ஆயுள்

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பிஷப் ஆக்லாந்துக்காரி. தாத்தா சுரங்கத்தில் இருந்தவர். அவருடைய அண்ணன் டி.எல்.ஐ.யில். இதையெல்லாம் அவளிடம் கொட்டினேன். அவளுக்கு என் கோபம் விளங்கவேயில்லை. "எங்கள் வீட்டில் இரண்டு படமும் ஒரே சுவரில்தான் இருந்தது" என்றாள். அதோடு, ஜூலையில் கேலாவுக்கு வந்து பார், அப்புறம் பேசு என்றும் சொன்னாள்.

மைனர்ஸ் கேலா என்பது 1871-ல் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் திருவிழா. ஜூலை இரண்டாவது சனிக்கிழமை. ஒவ்வொரு சுரங்க ஊரும் தன் பதாகையைத் தூக்கிக்கொண்டு, பித்தளை வாத்தியக் குழுவோடு டர்ஹம் தெருக்களில் வரும். நம் ஊர்த் தேர் வரும்போது தெருவே நகர முடியாமல் நெரியுமே, அப்படி ஒரு கூட்டம். இந்த நிலக்கரிப் பகுதியின் கடைசி ஆழ்சுரங்கமான மங்க்வேர்மவுத் 1993-ல் மூடியாயிற்று. அந்த இடத்தில் இப்போது சண்டர்லாண்டின் கால்பந்து மைதானம். சுரங்கம் ஒன்றுகூட இல்லாத மாவட்டத்தில் சுரங்கத் திருவிழா நடக்கிறது. எப்போதோ மூடிய சுரங்கங்களுக்குக்கூட ஊர்க்காரர்கள் காசு திரட்டிப் புதிதாகப் பதாகை செய்கிறார்கள். அப்படிச் செய்த புதுப் பதாகைகளைப் பிற்பகலில் கதீட்ரலுக்குள் கொண்டுவந்து ஆசீர்வாதம் வாங்குவார்கள். முன்பெல்லாம் அந்த ஆண்டு சுரங்கத்தில் சாவு நடந்திருந்தால் பதாகையில் கறுப்புத் துணி கட்டி வருவார்களாம்.

நான் போன ஆண்டு, பதாகைகள் உள்ளே வரும்போது நடுக்கூடத்தில் நின்றேன். வாத்தியம் மிக மெதுவான நடையில் வாசித்துக்கொண்டு வந்தது. பதாகை பெரியது, இரண்டு கம்பத்துக்கு இடையே விரித்த பட்டு. காற்றில்லாவிட்டாலும் தூக்குகிறவர்கள் கை நடுங்கும் அளவுக்குக் கனம். தூக்கி வந்தவர்களில் இளவயதுப் பெண்கள் இருவர். சுரங்கம் மூடியபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். துறவிகள் காலத்துக் கறுப்புக் கோட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு நடந்தார்கள். பக்கத்தில் நின்ற கிழவரின் மேல்சட்டையில் ஒரு பக்கம் தொழிற்சங்கப் பொத்தான், மறுபக்கம் டி.எல்.ஐ.யின் ஊதுகொம்புச் சின்னம். அவரைப் பார்த்தபோதுதான், தெற்குக் கைப்பகுதியில் நான் மனதுக்குள் போட்டு வைத்திருந்த கோடு அந்த ஊரில் யார் மனதிலும் இல்லை என்று புரிந்தது. அவர்களுக்கு ஒரே ஆள்தான் இரண்டும்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரெஜிமெண்ட் கொடியைக் கோயிலில் ஒப்படைத்துவிட்டால் அதை மறுபடி எடுக்க மாட்டார்கள். இற்று, நூல் நூலாகப் போகும்வரை அங்கேயே தொங்கும். டி.எல்.ஐ. 1968-ல் வேறு படைப்பிரிவுகளோடு இணைக்கப்பட்டு, அந்தப் பெயரோடு முடிந்துபோனது. 2016-ல் அதன் அருங்காட்சியகத்தையும் மாவட்ட நிர்வாகம் செலவைக் காரணம் காட்டி மூடிவிட்டது. பழைய சிப்பாய்களின் சாம்பலை அதன் புல்வெளியில் தூவி வைத்திருந்த குடும்பங்கள் கொதித்துப்போயின. புதிதாகக் கொடி செய்ய அந்தப் படைக்கு ஆளில்லை, செய்யவும் கூடாது. சுரங்கப் பதாகை நைந்தால் ஊர் கூடிப் புதிது தைக்கிறது. சின்னத்தை மாற்றுகிறார்கள், படத்தை மாற்றுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முகத்தைக்கூட வரைந்து வைத்திருந்த பதாகை ஒன்றைப் பார்த்தேன். பலிபீடம் உள்ளவர்களின் கொடி நைகிறது, தாழ்வாரத்தில் நிற்கிறவர்களின் கொடி புதிதாகிறது. இதை எந்தப் பக்கம் சாய்த்துப் படிப்பது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

முடிவு செய்த விஷயம் ஒன்று உண்டு. கொடிகளை இறக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை, இப்போது ஆசையும் இல்லை. அந்த மரச்சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை மட்டும் வேண்டும். இந்த மேடு இத்தனை உயிருக்கு ஈடில்லை என்று அதே சண்டையில் நின்ற பிராட்ஃபோர்ட் எழுதி வைத்ததை அதில் போட வேண்டும். வெளியிலிருந்து வந்த என்னைப் போன்றவன் சொன்னால் அது விமர்சனம். விக்டோரியா கிராஸ் வாங்கியவர், அந்த மாவட்டத்துப் பிள்ளை, தானே ஒரு வருடத்தில் செத்தவர் சொல்வது வேறு. யோபுவின் அந்த வசனம் இருக்கிற கட்டடத்தில் இதற்கும் இடம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிஷப் ஆக்லாந்துக்காரியிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, நல்ல யோசனைதான் என்றாள். ஆனால் அது கதீட்ரல் குழுவுக்குப் போகும், அங்கிருந்து பழைய படைவீரர் சங்கத்துக்குப் போகும், பாரம்பரியச் சின்னம் என்பதால் இன்னும் நாலு மேசைக்குப் போகும், எப்படியும் பத்து வருடம் ஆகும் என்றாள். "கடிதம் எழுதுகிறாயா?" என்று கேட்டேன். "நீ எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன். என் பெரிய தாத்தா ஆறாவது பட்டாலியன்."